டன் எவ்வளவு, தம்பி?

நான் தேர்ட் ஆபீசராக இருந்த இரண்டாவது கப்பலில் எங்கள் கேப்டன் குளச்சல்காரர். அது 280 மீட்டர் நீளமுள்ள கொள்கலன் கப்பல். ஒரு நாள் காலை, ஒரு துறைமுகத்துக்கு வெளியே கப்பலை உள்ளே வழிநடத்த வரும் துறைமுகப் பைலட்டுக்காகக் காத்திருந்தோம். காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தது. பெர்த்தில், அதாவது கரையோரக் கட்டுமேடையில், ஒட்டவிடாமல் கப்பலை வெளியே தள்ளுகிற காற்று அது. கேப்டன் கேட்டார்: "காத்து எவ்வளவு இருக்கு தம்பி?"

காற்றை அளக்கும் அனிமோமீட்டரைப் பார்த்து, "30 நாட் சார்" என்றேன். நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்.

"அத மீட்டரே சொல்லுதுல்லா. டன் எவ்வளவு?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை. அவர் சார்ட் மேசையிலிருந்து பென்சிலை எடுத்து, பழைய வானிலைச் செய்தித் தாளின் பின்பக்கத்தில் எழுதினார். 30 நாட்டைப் பாதியாக்கு, 15. அதுதான் விநாடிக்கு எத்தனை மீட்டர் என்பது, கொஞ்சம் குறைவாக. 15ஐ 15ஆல் பெருக்கு, 225. அதை 18ஆல் வகு, 12.5. ஆயிரம் சதுர மீட்டர் பரப்புக்கு இத்தனை டன். நம் கப்பலின் பக்கம் இன்றைக்கு எவ்வளவு? தண்ணீருக்கு மேலே தெரியும் உடல் 10 மீட்டர், அதன் மேல் கொள்கலன்கள் 12 மீட்டர். 280 மீட்டர் நீளத்தோடு பெருக்கினால் ஆறாயிரத்துக்குச் சற்றுமேல். சரி, ஆறு என்று வை. 12.5 பெருக்கல் 6, 75 டன்.

"ரெண்டு டக் தாரான். ஒண்ணுக்கு 40 டன். மொத்தம் 80. போதும்னு தோணுதா?"

டக் என்பது பெரிய கப்பலை இழுக்கவும் தள்ளவும் வரும் இழுவைக் கப்பல். போதும் என்றேன். அவர் தலையை ஆட்டவில்லை. 40 டன் என்பது அசையாத தண்ணீரில், புது எஞ்சினில், கரையில் கட்டி வைத்து அளந்த இழுவிசை. அலையில் ஆடும்போதும், சாய்வாக இழுக்கும்போதும் அது கிடைக்காது. நாலில் ஒரு பங்கைக் கழி என்றார். 60 டன். கப்பலின் முன்முனையைப் பக்கவாட்டில் தள்ளும் விசிறியான பௌ த்ரஸ்டர் 1,500 கிலோவாட். அது தள்ளினால் கிட்டத்தட்ட 20 டன், ஆனால் முன்பக்கம் மட்டும். கப்பலின் பின்பக்கத்துக்கு அதனால் ஒன்றும் கிடைக்காது. கப்பல் முன்னால் நகர்ந்துகொண்டிருந்தால் முன்பக்கத்துக்கே அந்த 20 டன் கிடைக்காது.

மூன்றாவது டக் கேட்டார். சாயங்காலம் வரை இல்லை என்றார்கள். காத்திருந்தோம். பிற்பகல் மூன்று மணிவாக்கில் காற்று 22 நாட்டுக்கு இறங்கியது. இந்த முறை பென்சிலை என்னிடம் கொடுத்தார். 11 பெருக்கல் 11, 121. வகுத்தால் 6.7. ஆறால் பெருக்கினால் 40 டன். காற்று குறைந்தது நாலில் ஒரு பங்குதான். தள்ளுவிசை ஏறக்குறைய பாதியாகிவிட்டது. உள்ளே போய்க் கட்டினோம்.

அன்றைக்குப் பிறகு நான் காற்றை நாட்டில் மட்டும் சொன்னதே கிடையாது. டக் டன்னில் இழுக்கிறது, கயிறு டன்னில் அறுகிறது, நங்கூரம் டன்னில் பிடிக்கிறது. காற்றை மட்டும் நாட்டில் வைத்திருந்தால் எதை எதோடு ஒப்பிடுவது?

அந்த 18இல் ஒரு அழகு இருக்கிறது. காற்று விநாடிக்கு 18 மீட்டர் அடித்தால், 18ஐ 18ஆல் பெருக்கி 18ஆல் வகுக்க வேண்டும், வருவது 18. அதாவது 18 மீட்டர் காற்றுக்கு ஆயிரம் சதுர மீட்டரில் 18 டன். 18 மீட்டர் என்பது 35 நாட். எது மறந்தாலும் இது மறக்காது. இதை வைத்து மற்றதை மேலும் கீழும் ஊகித்துக்கொள்ளலாம்.

18 எங்கிருந்து வந்தது என்று பிறகு ஒரு நாள் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். காற்றுக்கு எடை உண்டு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஒரு கன மீட்டர் காற்று கிட்டத்தட்ட 1.2 கிலோ. பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால், உள்ளே இருக்கும் காற்று மட்டும் 30 கிலோவுக்கு மேல். அந்த எடை வேகமாக வந்து ஒரு சுவரில் மோதுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் ஒரு விநாடியில் வந்து மோதும் காற்றும் இரண்டு மடங்கு, அதில் ஒவ்வொரு கிலோவும் மோதும் வேகமும் இரண்டு மடங்கு. ஆகவே நான்கு மடங்கு விசை. அடர்த்தியில் பாதியை எடுத்து, வேகத்தின் இருமடியால் பெருக்கி, பரப்பால் பெருக்கி, கடைசியில், மோதும் பொருளின் வடிவத்தைப் பொறுத்த கெழு என்ற ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். பக்கவாட்டில் அடிக்கும் காற்றுக்கு அந்தக் கெழுவை 0.9 என்று வைத்து, நியூட்டனை டன்னாக மாற்றினால் வகுக்கும் எண் 18 வந்து நிற்கிறது.

1.2 கிலோ என்பதும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. உறைநிலையில் உள்ள காற்று 35 டிகிரிக் காற்றைவிட 12 சதவீதத்துக்கு மேல் கனமானது. வடகடலில் குளிர்காலத்தில் அடிக்கும் 30 நாட்டும் வளைகுடாவில் கோடையில் அடிக்கும் 30 நாட்டும் அனிமோமீட்டரில் ஒன்றுதான், கயிற்றில் ஒன்றல்ல.

கெழு என்று லேசாகச் சொல்லிவிட்டேன். அந்த ஓர் எண்ணுக்காக மனிதர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1759இல் ஜான் ஸ்மீட்டன் என்ற ஆங்கிலப் பொறியாளர் காற்றாலைகளைப் பற்றிய தம் கட்டுரையில் காற்றின் வேகத்துக்கும் அழுத்தத்துக்கும் ஓர் அட்டவணை கொடுத்தார். மணிக்கு இத்தனை மைல் என்றால் சதுர அடிக்கு இத்தனை பவுண்டு. வேகத்தின் இருமடியை எதனால் பெருக்கினால் அழுத்தம் வரும் என்று பார்த்தால், அதிலிருந்து வந்த எண் 0.005. நூறாண்டுக்கும் மேலாகப் பொறியாளர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 1901இல் ரைட் சகோதரர்களின் கிளைடர், கணக்கில் வந்த தூக்குவிசையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் தந்தது. அவர்கள் ஊர் உலகம் நம்பிய எண்ணைச் சந்தேகப்பட்டுத் தாங்களே அளந்தார்கள். கிடைத்தது 0.0033. ஸ்மீட்டனின் எண் உண்மையைவிட ஒன்றரை மடங்கு பெரியது! விமானத்துக்கு அது கேடாக முடிந்தது. கப்பல் கட்டுகிறவனுக்கு அப்படியொரு தவறு நல்லதாகக்கூட முடியலாம். கயிறு தேவைக்கு மேல் தடிமனாக இருக்கும், அவ்வளவுதான். எந்தப் பக்கம் தவறினால் ஆபத்து என்பது, கணக்கை எதற்காகப் போடுகிறோம் என்பதைப் பொறுத்தது.

கப்பலுக்கென்று கெழு தேடியவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் இஷர்வுட். 1972இல் வெளிவந்த அவருடைய வேலை இன்றும் கப்பல் வடிவமைப்பாளர்களின் மேசையில் இருக்கிறது. வணிகக் கப்பல்களின் மாதிரிகளைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பலர் எடுத்திருந்த அளவுகளை அவர் ஒன்றாகத் திரட்டி, காற்று அடிக்கும் கோணம் பத்துப் பத்து டிகிரியாக மாறும்போது கெழு எப்படி மாறுகிறது என்று சமன்பாடுகள் போட்டார். அதில் போட வேண்டிய விவரங்களைப் பாருங்கள். கப்பலின் நீளம், அகலம், பக்கப் பரப்பு, முன்பக்கப் பரப்பு இவை எதிர்பார்த்தவைதான். மேல்கட்டுமானத்தின் பரப்பு தனியாக வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியும் நிழலுருவத்தின் சுற்றளவு வேண்டும். அந்த நிழலுருவத்தின் நடுப்புள்ளி முன்முனையிலிருந்து எவ்வளவு தூரம் என்று வேண்டும். கடைசியாக, தனித்தனியாகத் தெரியும் கொடிமரங்களும் கிரேன் கம்பங்களும் எத்தனை தொகுதி என்று எண்ணிச் சொல்ல வேண்டும். கம்பங்களைக்கூட ஒருவர் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார் என்பதில் எனக்கு ஒரு நிம்மதி. எங்கள் துறையில் அசட்டையாக விட்ட சின்னக் கம்பம்தான் பின்னால் பேசும்.

அவருக்குப் பிறகு 1990களில் பிளெண்டர்மான், ஃபுஜிவாரா என்று வரிசையாக வந்தார்கள். எண்ணெய்க் கப்பல்களுக்கு எண்ணெய் நிறுவனங்களின் கடல்சார் அமைப்பு தனியாகவே வரைபடங்கள் போட்டது. இப்போது கணினியிலேயே காற்றை ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். எல்லாவற்றிலும் ஒரு விஷயம் பொதுவாகத் தெரியும். பக்கவாட்டுத் தள்ளல் அதிகமாக இருப்பது காற்று நேர் குறுக்கே அடிக்கும்போது. ஆனால் கப்பலைத் திருப்பிவிடுகிற முறுக்கம் அப்போது அதிகமில்லை. காற்று முன்மூலையிலோ பின்மூலையிலோ சாய்வாக அடிக்கும்போதுதான் அது உச்சத்துக்குப் போகிறது. ஏனென்றால் சாய்வான காற்றில் தள்ளல் நடுவில் விழுவதில்லை, காற்று வரும் முனைப்பக்கம் நகர்ந்து விழுகிறது. கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜில் நிற்பவர்களுக்குக் குறுக்குக் காற்றுதான் பயம். சாய்வுக் காற்றில் கொஞ்சம் இளைப்பாறிவிடுகிறோம். அது தப்பு.

அடுத்தது, எந்த வேகத்தைக் கணக்கில் போடுவது என்ற கேள்வி. கப்பலின் அனிமோமீட்டர் கொடிமரத்தின் உச்சியில் இருக்கிறது. பெரிய கப்பலில் அது கடல்மட்டத்திலிருந்து 50 மீட்டர்கூட இருக்கும். வானிலைக்காரர்கள் சொல்லும் காற்று 10 மீட்டர் உயரத்துக்கானது. தரைக்கும் கடலுக்கும் அருகில் உராய்வால் காற்று மெதுவாகும். மேலே போகப் போக வேகம் கூடும். வழக்கமாக உயரங்களின் விகிதத்துக்கு ஏழில் ஒன்று அடுக்கு எடுக்கிறோம். 50 மீட்டரில் 40 நாட் என்றால் 10 மீட்டரில் 32 நாட்தான். வேகத்தில் எட்டு நாட் வித்தியாசம், விசையில் ஒன்றரை மடங்குக்கு மேல். ஒருவர் மீட்டரில் பார்த்ததைச் சொல்ல, இன்னொருவர் வானிலை அறிக்கையில் படித்ததைச் சொல்ல, இருவரும் ஒரே காற்றைப் பற்றிச் சண்டை போட்டுக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். கப்பல் ஓடிக்கொண்டிருந்தால் மீட்டர் காட்டுவது கப்பலின் வேகமும் கலந்த காற்று என்பது தனிச் சிக்கல்.

அப்புறம், காற்று ஒரே சீராக அடிப்பதில்லை. மூன்று விநாடி வந்துவிட்டுப் போகும் வீச்சுக்கு லட்சம் டன் கப்பல் அசையாது. அரை நிமிடம் நிலைத்து நின்றால் அசையும். அதனால்தான் பெரிய எண்ணெய்க் கப்பல்களைக் கட்டும் கணக்கில் 30 விநாடிச் சராசரியை எடுக்கிறார்கள், 60 நாட் என்று.

வீச்சைப் பற்றி எனக்குப் பிடித்த பரிசோதனை கப்பலில் நடக்கவில்லை, பாலத்துக்காக நடந்தது. 1879 டிசம்பர் 28 இரவு, ஸ்காட்லாந்தில் டே ஆற்றுப் பாலம் புயல் காற்றில் விழுந்தது. மேலே போய்க்கொண்டிருந்த ரயிலும் ஆற்றுக்குள் போனது. பாலத்தை வடிவமைத்தவர் காற்றுக்கென்று தனியாக இடமே ஒதுக்கியிருக்கவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. அதே நாட்டில் அடுத்து ஃபோர்த் பாலத்தைக் கட்டிய பெஞ்சமின் பேக்கர், இன்ச்கார்வி என்ற சிறு தீவில் பலகைகளை நிறுத்திவைத்துக் காற்றை அளந்தார். ஒரு பலகை 300 சதுர அடி. மற்றவை ஒன்றரை சதுர அடி. ஒரே காற்றில், சதுர அடிக்கு விழுந்த அழுத்தம் பெரிய பலகையில் குறைவாகவே இருந்தது. வீச்சு ஒரு துணுக்குதான். சிறிய பலகையை அது முழுதாக மூடிவிடும், பெரிய பலகையை ஒரே நேரத்தில் மூட முடியாது. 400 மீட்டர் கப்பலின் முன்னால் வீச்சு அடிக்கும் நேரத்தில் பின்னால் காற்று சற்று ஓய்ந்திருக்கலாம். மொத்தத் தள்ளலுக்கு இது நல்ல செய்தி. திருப்புகிற முறுக்கத்துக்கு நல்ல செய்தியே அல்ல.

400 மீட்டர் என்றதும் எல்லோருக்கும் ஒரே கப்பல்தான் நினைவுக்கு வரும். 2021 மார்ச் 23 காலை, சூயஸ் கால்வாயில் எவர் கிவன் குறுக்கே மாட்டிக்கொண்ட செய்தி வந்தபோது நான் கரையில் விடுமுறையில் இருந்தேன். தொலைக்காட்சியில் அந்த மேல்தோற்றப் படத்தைப் பார்த்ததும் கை தானாகப் பென்சிலைத் தேடியது. கப்பலின் மொத்த உயரம், அடிப்பலகையிலிருந்து மேல்தளம் வரை, ஏறக்குறைய 33 மீட்டர். தண்ணீருக்குள் 15.7 மீட்டர் இறங்கியிருந்தது. வெளியே தெரிந்தது 17 மீட்டருக்குச் சற்றுமேல். அதன்மேல் ஒன்பது அடுக்குக் கொள்கலன் என்றால் இன்னும் 23 மீட்டர். ஆக 40 மீட்டர் உயரச் சுவர், 400 மீட்டர் நீளத்துக்கு. 16,000 சதுர மீட்டர். நாலு ஏக்கர் நிலத்தை நிமிர்த்தி நிறுத்தி அதை மணற்புயலுக்குள் ஓட்டிக்கொண்டு போவது போல.

பாதியாக்காமல் நாட்டைச் சரியாக மாற்றிப் போட்டால், 20 நாட் குறுக்குக் காற்றுக்கு அந்தச் சுவரில் 94 டன். 30 நாட்டில் 211. அன்று சொல்லப்பட்ட 40 நாட் வீச்சில் 376. நல்ல பெரிய டக் ஒன்று 70 டன் இழுக்கும் என்று வைத்தாலும் அதற்கு ஐந்துக்கு மேல் தேவை. இது காற்று முழுக்கக் குறுக்கே அடித்தால் வரும் மேல்வரம்பு. அன்றைய காற்று அப்படியே குறுக்காக அடித்தது என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் அந்த எண் எவ்வளவு பெரியது என்று புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்கு. கப்பலும் சரக்கும் சேர்த்து இரண்டரை லட்சம் டன் என்று வைப்போம். 376 டன் அதன் முன்னால் ஒன்றுமில்லாதது போலத் தெரியும். தண்ணீரின் எதிர்ப்பை விட்டுவிட்டுப் பார்த்தால், அந்தத் தள்ளல் ஒரு நிமிடத்தில் கப்பலை 26 மீட்டர் பக்கவாட்டில் நகர்த்திவிடும். கப்பலோடு சேர்ந்து நகர வேண்டிய தண்ணீருக்காகப் பாதியாகக் குறைத்தாலும் 13 மீட்டர். கால்வாயில் இரண்டு பக்கமும் அவ்வளவு இடம் வைத்துக்கொண்டு யாரும் போவதில்லை.

அதனால் குறுக்குக் காற்றில் கப்பல் நண்டு போலப் போக வேண்டியிருக்கிறது. மூக்கைக் காற்றுப்பக்கம் சற்றுத் திருப்பிவைத்து, சாய்ந்தபடியே நேராக நகர வேண்டும். 59 மீட்டர் அகலக் கப்பல் மூன்று டிகிரி சாய்ந்தால் கால்வாயில் அது அடைக்கும் அகலம் 80 மீட்டர். ஐந்து டிகிரி என்றால் 94 மீட்டர். சாய்வைக் குறைக்க ஒரு வழிதான் உண்டு, வேகத்தைக் கூட்டுவது. வேகம் கூடினால் சுக்கான் நன்றாகப் பிடிக்கும், காற்று தள்ளும் கோணமும் குறையும். ஆனால் கரைக்கு அருகில் ஓடும் கப்பலைக் கரைப்பக்கம் இழுத்து மூக்கை எதிர்ப்பக்கம் தள்ளுகிற விசை ஒன்று இருக்கிறது. அதுவும் வேகத்தின் இருமடியாகத்தான் வளரும். எவர் கிவன் கரையில் ஏறும் முன் 12 நாட்டுக்கு மேல் ஓடியது. காற்றின் இருமடிக்குப் பயந்து ஓடினால் தண்ணீரின் இருமடி பிடித்துக்கொள்கிறது. பிரிட்ஜில் இரண்டு கால்வாய்ப் பைலட்டுகளும் கேப்டனும் அந்த நிமிடங்களில் எதை நினைத்திருப்பார்கள் என்று இன்றும் யோசிக்கிறேன். காற்று மட்டுமே காரணம் என்று சொல்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை, ஆட்களின் தவறு என்று ஒரே வரியில் முடிக்கிறவர்களோடும் இல்லை. ஆறு நாள் கழித்து மார்ச் 29 அன்று கப்பல் மிதந்தது. அதிலிருந்த 25 மாலுமிகளும் இந்தியர்கள். ஜூலை 7 வரை கப்பல் கால்வாயின் பெரிய கசப்பு ஏரியில் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. உலகம் நின்றுபோன வர்த்தகத்தைப் பேசிக்கொண்டிருந்தபோது என் மனைவி கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பிள்ளைங்க எப்ப வீட்டுக்கு வரும்?"

நம் கடற்கரையிலேயே நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 2012 அக்டோபர் 31, நிலம் புயல். மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. சென்னைக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பல் நங்கூரம் பிடிக்காமல் இழுபட்டுவந்து, நகரத்தின் கடற்கரையிலேயே தரைதட்டியது. கப்பலை விட்டு இறங்கியவர்களின் உயிர்காப்புப் படகு கவிழ்ந்து மாலுமிகள் இறந்தார்கள். மறுநாள் ஜனங்கள் கூட்டமாகப் போய்க் கப்பலை வேடிக்கை பார்த்தார்கள். அந்தக் கூட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

காலிக் கப்பல் நங்கூரத்தில் நிற்பதைப் பற்றிக் கரையில் உள்ளவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. நிறைந்த எண்ணெய்க் கப்பல் பயங்கரமாகத் தெரியும், ஆனால் காற்றுக்கு அது தன்னைக் காட்டுவதே இல்லை. 330 மீட்டர் பெரிய கப்பல் ஒன்று நிறைந்திருக்கும்போது தண்ணீருக்கு மேலே எட்டு மீட்டர்தான் தெரியும். காலியானால் இருபது மீட்டர். பின்னால் இருக்கும் மாலுமிகளின் குடியிருப்புக் கட்டடத்தையும் சேர்த்தால் பக்கப் பரப்பு 3,600 சதுர மீட்டரிலிருந்து 7,600க்குப் போகிறது. 40 நாட் குறுக்குக் காற்றில் 85 டன், 179 டன்.

ஒவ்வொரு கப்பலுக்கும் எவ்வளவு பெரிய நங்கூரம், எவ்வளவு சங்கிலி என்று முடிவு செய்ய ஒரு சூத்திரம் இருக்கிறது. அதன் உள்ளே காற்று ஒளிந்திருக்கிறது. கப்பலின் எடையிலிருந்து வரும் ஒரு பங்கு, முன்பக்கப் பரப்பின் இரண்டு மடங்கு, பக்கப் பரப்பில் பத்தில் ஒன்று. மூன்றையும் கூட்டினால் வரும் எண்ணுக்கு எதிரே நங்கூரத்தின் எடை எழுதியிருக்கும். பக்கப் பரப்பைப் பத்தில் ஒன்றாக்கியிருப்பதைக் கவனியுங்கள். கப்பல் நங்கூரத்தில் மூக்கைக் காற்றுக்குக் கொடுத்து நிற்கும், பக்கத்தைக் காட்டாது என்ற நம்பிக்கை அது. விநாடிக்கு 25 மீட்டர் காற்று, 2.5 மீட்டர் நீரோட்டம், அலை கிடையாது என்பதுதான் அடிப்படை. அதாவது புயலில் திறந்த கடலில் நிற்பதற்காக அந்த நங்கூரம் போடப்படவே இல்லை. நிஜத்தில் காலிக் கப்பல் சங்கிலியின் முனையில் பட்டம் போல இடமும் வலமும் ஆடும். ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவிலும் பக்கம் காற்றுக்குத் திறக்கும். அந்த நேரத்தில்தான் நங்கூரம் மண்ணை விட்டு எழும்பும். புயல் எச்சரிக்கை வந்ததும் கப்பல்களை ஆழ்கடலுக்குப் போகச் சொல்வது கொடுமை போலத் தோன்றும். கரை பக்கத்தில் இல்லாததுதான் அந்த நேரத்தில் கப்பலுக்குப் பாதுகாப்பு.

என் கையில் நடந்ததைச் சொல்லாமல் இதையெல்லாம் எழுதுவது நியாயமில்லை. நான் சீஃப் ஆபீசராக இருந்தபோது, ஒரு துறைமுகத்தில், 294 மீட்டர் கொள்கலன் கப்பல். காலையில் கட்டியதும் வழக்கம்போலக் கணக்குப் போட்டேன். மேல்தளத்தில் பாதி இடம் காலி. பக்கப் பரப்பு 5,500. சாயங்காலம் விநாடிக்கு 20 மீட்டர் காற்று கரையிலிருந்து வரலாம் என்று அறிக்கை. 122 டன் வரும். குறுக்காகப் பிடிக்கும் கயிறுகள் நாலு. ஒவ்வொன்றும் 60 டன்னில் அறும் கயிறு, ஆனால் கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச்சின் பிரேக் அதில் 60 சதவீதத்தில், 36 டன்னில் நழுவும்படி வைத்திருந்தது. நாலும் சேர்த்து 144. முன்னும் பின்னும் நீட்டிக் கட்டிய கயிறுகள் இன்னும் கொஞ்சம் கொடுக்கும். போதும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நாள் முழுக்கச் சரக்கு ஏறிக்கொண்டிருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தளம் நிறைந்து ஐந்தடுக்கு, ஆறடுக்கு நின்றது. பரப்பு 8,000. காற்று சொன்னபடியேதான் வந்தது, 20 மீட்டர். 178 டன். என் தாளில் இன்னும் 122 என்றே இருந்தது. ஏற்றியது நான், திட்டம் போட்டதும் நான், ஒவ்வொரு அடுக்கும் ஏறும்போது எடையைக் கணக்கிட்டேன், சாய்வைக் கணக்கிட்டேன். காற்றை மட்டும் காலையிலேயே முடித்துவிட்டதாக நினைத்திருந்தேன்.

முதலில் பின்பக்கத்தில் ஒரு பிரேக் முனகியது. நாலு கயிறும் சமமாகப் பங்குபோட்டுக்கொள்ளும் என்று தாளில் எழுதலாம். நிஜத்தில் குட்டையான கயிறுதான் முதலில் முழுச் சுமையையும் எடுக்கும். அந்தக் கயிறு பழையது. பீரங்கி வெடித்தது போல ஒரு சத்தம். அறுந்த முனை தளத்தை அறைந்துகொண்டு போனதை நான் பிரிட்ஜ் ஓரத்திலிருந்து பார்த்தேன். ஐந்து விநாடிக்கு முன், தளத்து மாலுமிகளின் தலைவரான போசன் அந்த இடத்திலிருந்து வானொலியில் பேசிவிட்டு இரும்புத் தூணுக்குப் பின்னால் நகர்ந்திருந்தார். கப்பல் கரையை விட்டு ஏழு மீட்டர் விலகியது, ஏணி தண்ணீருக்குள் போனது. த்ரஸ்டரையும் வந்த ஒரு டக்கையும் வைத்து அரைமணி நேரத்தில் ஒட்டிவிட்டோம். யாருக்கும் காயமில்லை. அன்றிரவு போசனின் அறைக்குப் போய் உட்கார்ந்தேன். அவர் டீ போட்டுக் கொடுத்தார். இருவரும் அதிகம் பேசவில்லை.

அதற்குப் பிறகு நான் போன எல்லாக் கப்பல்களிலும் பிரிட்ஜின் வெள்ளைப் பலகையில் ஒரு கட்டம் போட்டு வைத்தேன். "இப்போதைய பக்கப் பரப்பு" என்று தலைப்பு. பணிமுறையான வாட்ச் மாறும்போதெல்லாம் அழித்து எழுத வேண்டும், எழுதியவர் பெயரோடு. கேடட் பையன்களுக்கு முதல் வாரம் அதுதான் வேலை. கொள்கலன் அடுக்குகளை எண்ணி, 2.6 மீட்டரால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி வந்து நிற்பார்கள். துல்லியமாக வேண்டாம், நூறு இருநூறு முன்னே பின்னே போகலாம் என்பேன்; நேற்றைய எண்ணாக மட்டும் இருக்கக் கூடாது.

குளச்சல் கேப்டனை 2018 ஜனவரியில் கடைசியாகப் பார்த்தேன். ஒக்கி வந்துபோய் ஒரு மாதம் ஆகியிருந்தது. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் படங்கள் தெருமுனைகளில் வைக்கப்பட்டிருந்தன. அதைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் வீட்டு மாடியில் போட்டிருந்த தகரக் கூரை பறந்துபோய், புதுசு போட ஆள் வந்திருந்தான். கேப்டன் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார். கூரை 40 சதுர மீட்டர். 18 மீட்டர் காற்றுக்கு முக்கால் டன் வரும். ஒக்கி மாதிரி வந்தால் அதைப் போல ரெண்டு மூணு மடங்கு. தூக்குகிற காற்றுக்குக் கெழு வேறே, அதையும் சேர்க்கணும் என்றார். பிறகு தாளை என்னிடம் நீட்டிவிட்டு, கூரைக்காரனைப் பார்த்துக் கேட்டார்:

"ஒரு ஷீட்டுக்கு எத்தன போல்ட்டு போடுத?"